துவைக்கும் கல்லின் மேல் ஒரு தொலைநோக்கி

நான் முதன்முதலாக வாங்கிய தொலைநோக்கியின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு நெபுலாவின், அதாவது விண்வெளி வாயு மேகத்தின், படம். இணையத்தில் பணம் கட்டி, நான்கு நாள் காத்திருந்து, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று, அந்தப் பெரிய எண் கிடைக்கும்படி எல்லா லென்ஸ்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி வியாழனைப் பார்த்தேன். கலங்கிய குட்டையில் விழுந்த தெருவிளக்கு போல ஏதோ மஞ்சளாக நெளிந்தது. தெளிவாக்கலாம் என்று திருகைத் தொட்டதும் அதுவும் ஓடிப்போனது. மீண்டும் தேடிப் பிடித்தபோது தெருமுனையில் ஒரு கண்டெய்னர் லாரி திரும்பியது. முக்காலி அதிர்ந்தது, வியாழனும் கூடவே ஆடியது. ஒரு வாரத்தில் தொலைநோக்கி பரணுக்குப் போய்விட்டது.

இரண்டு ஆண்டு கழித்து அதே குழாயை வேறொரு தாங்கியில் பொருத்திப் பார்த்தேன். வியாழனின் நான்கு நிலாக்களும் ஊசிமுனைப் புள்ளிகளாக வரிசைகட்டி நின்றன. கண்ணாடியில் கோளாறே இல்லை. என்னை ஏமாற்றியவை பெட்டியில் இருந்த எண்ணும் அடியில் இருந்த கால்களும்தான். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், அதிலும் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நம் பக்கத்து மாடிகளிலிருந்து வானம் பார்க்க நினைப்பவர்களிடம், நான் அதிகம் பேசுவது அந்தக் கால்களைப் பற்றித்தான். அதற்கு முன் எண்ணைத் தீர்த்துவிடுவோம்.

தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (உள்ளே நுழைந்த ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுக்கும் நீளத்தை) கண்ணருகு லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். 700 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் லென்ஸைச் செருகினால் 28 மடங்கு. 10 மில்லிமீட்டரைச் செருகினால் 70 மடங்கு. பெட்டிக்காரர் 4 மில்லிமீட்டரில் ஒரு மலிவு லென்ஸைச் சேர்த்து அதை 175 ஆக்குகிறார். பிறகு மூன்று மடங்கு பெருக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைப் போட்டு 525 ஆக்குகிறார். வாய்ப்பாட்டில் பிழை இல்லை. மாவுதான் இல்லை. ஒரு கரண்டி மாவை எடுத்துக்கொண்டு கல் முழுவதும் தோசை வார்க்கப் பார்த்தால் நடுவில் ஓட்டை விழும் அல்லவா? குழாய்க்குள் நுழையும் ஒளி ஒரு கரண்டிதான். அதை அளவுக்கு மேல் பரப்பினால் படம் மங்கும். ஒளியின் அலைத்தன்மையால் விளிம்புகளும் குழையும். ஒளியை வாங்கும் லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதில் இரண்டு மடங்கு வரைதான் பெருக்கம் பயன்படும் என்பது வானம் பார்ப்பவர்களின் நெடுநாள் அனுபவக் கணக்கு. 76 மில்லிமீட்டர் ஆடிக்கு அது 150 சொச்சம். நம் மாடிக் காற்றில் 120 மடங்கைத் தாண்டி நல்ல படம் கிடைக்கும் இரவுகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டிய முதல் எண் விட்டம். இருட்டில் நம் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. 70 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல் 100 மடங்கு ஒளியை வாங்குகிறது. 150 மில்லிமீட்டர் ஆடி அந்த 70ஐ விடவும் நான்கரை மடங்கு வாங்கும். நுணுக்கமும் விட்டத்தோடுதான் கூடுகிறது.

பெட்டியில் இன்னொரு சிறிய எண் இருக்கும்: 11.7 அல்லது 12 என்பது போல. அந்தத் தொலைநோக்கியில் தெரியக்கூடிய மிக மங்கலான விண்மீனின் பொலிவெண் அது. எண் கூடக்கூட விண்மீன் மங்கல் என்று அர்த்தம். இந்தப் பொலிவெண் கணக்குக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. ஐந்து படி இறங்கினால் ஒளி சரியாக நூறில் ஒரு பங்காக வேண்டும், ஆகவே ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861இல் சென்னைக்கு அரசு வானியலாளராக வந்து, 1891இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைக் கவனித்துக்கொண்டார். வந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான் தொகுதியில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அடையாளம் கண்டார். சென்னையிலிருந்து அந்த விண்மீன் அடிவானத்துக்கு மேல் 14 பாகைக்கு மேல் ஒருபோதும் ஏறாது. அவ்வளவு தாழ்ந்த இடத்தில் அத்தனை மங்கலான ஒன்றைப் பின்தொடர முடிந்த ஊர் இது. ஆய்வகம் 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

இன்று அதே தென்வானத்தை நம் மாடியிலிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் சேர்ந்து ஏற்றிவைத்த மஞ்சள் திரைதான் தெரியும். இருண்ட கிராமத்தில் வெறுங்கண்ணுக்கு 6ஆம் பொலிவெண் வரை தெரியும். தண்டையார்பேட்டையில் 3 தெரிந்தால் சுமாரான இரவு, 4 தெரிந்தால் கொண்டாட வேண்டிய இரவு. போக்சனின் கணக்குப்படி அந்த இரண்டு மூன்று படிகள் ஆறு முதல் பதினாறு மடங்கு இழப்பு.

இந்த இழப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம், நெபுலாக்கள் போன்ற பரந்து மங்கியவைதான் வானப் பளபளப்பில் கரைகின்றன. நிலவையும் வியாழனையும் சனியையும் தெருவிளக்கு ஒன்றும் செய்துவிட முடியாது. இரட்டை விண்மீன்களையும் பிரகாசமான கொத்துகளையும் கொஞ்சம்தான் தொட முடியும். நகரம் திருட முடியாத பொருள்களுக்காகத் தொலைநோக்கி வாங்குகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் பெரிய ஆடியின் தேவை குறைகிறது. ஆட்டம் இல்லாத தாங்கியின் தேவை கூடுகிறது. கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்பது அப்போது தானாகவே தெளிந்துவிடும்.

வடசென்னைக்கு நான்கு திசையும் நான்கு குணம். தெற்கே துறைமுக விளக்குகளும் அதற்கப்பால் மொத்த நகரமும். மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் என்று வீடுகள். வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடரும் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் விளக்குகளும். சில இரவுகளில் மேகத்தின் அடிவயிறே ஆரஞ்சாக இருக்கும். மிச்சம் இருப்பது கிழக்கு. கடலில் விளக்குக் கம்பம் இல்லை. இடத்துக்காகக் காத்துக் கிடக்கும் கப்பல்களின் வெளிச்சமும் காசிமேட்டுப் படகுகளின் வெளிச்சமும் உண்டுதான், ஆனால் அவை அடிவானத்தோடு நின்றுவிடுகின்றன. தென்சென்னைக்காரர்களுக்கும் கடல் உண்டே என்பீர்கள். உண்டு. நம் பக்கத்தில் கடலை ஒட்டியே குடியிருக்கிறோம், மாடிக்கு ஏறினாலே கிழக்கு திறந்துவிடுகிறது. எந்தப் பொருளையும் அது கடலிலிருந்து எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் பிடிப்பது என் வழக்கம். அதற்குக் கீழே உப்புக் காற்றும் ஈரமும் படத்தைக் கெடுக்கும்.

இனி கால்கள். மலிவுத் தொலைநோக்கிகளுடன் இரண்டு வகைத் தாங்கிகள் வரும். ஒன்று மேல்கீழாகவும் இடவலமாகவும் நகர்வது. மற்றொன்று துருவ அச்சுத் தாங்கி: கோணலாகச் சாய்ந்து, எதிர்எடை தொங்க, பார்ப்பதற்கு விஞ்ஞானக்கூடம் போல இருக்கும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால், பூமி சுழலும்போது ஒரே திருகைத் திருப்பி விண்மீனைத் தொடரலாம். அருமையான ஏற்பாடு, ஐரோப்பாவில். ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் தெரியும் உயரம் அவ்வூரின் அட்சரேகை. சென்னைக்கு அது 13 பாகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 பாகை; ஆக, ஒரு முஷ்டியும் இரண்டு விரலும். திருவொற்றியூர் மாடியிலிருந்து அந்த உயரத்தில் என்ன இருக்கிறது? ஆலைப் புகையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும். நட்சத்திரம் தெரிந்தாலும், சில மலிவுத் தாங்கிகளில் அச்சை 13 பாகைக்குத் தாழ்த்தியதும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். தொடக்கக்காரர் இதில் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கட்சி. படம் எடுக்கும் ஆசை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்கீழ் வகையிலேயே மிக எளிமையானதும் மிக உறுதியானதும் டாப்சோனியன். மரப்பெட்டிக்குள் குழாயை வைத்து, பெட்டியைச் சுழலும் பலகையில் உட்கார வைத்த அமைப்பு, அவ்வளவுதான். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் 1944 முதல் 1967 வரை கலிபோர்னியாவில் வேதாந்த சங்க மடங்களில் ராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல்களின் கனத்த வட்டக் கண்ணாடிகளைத் தேய்த்தே ஆடி செய்தார். கட்டட வேலைக்கான அட்டைக் குழாயைத் தொலைநோக்கிக் குழாய் ஆக்கினார். செய்த தொலைநோக்கிகளைத் தெருவோரத்தில் நிறுத்தி, போகிற வருகிறவர்களுக்கு நிலவைக் காட்டினார். மடத்தை விட்டு அடிக்கடி வெளியே போகிறார் என்ற பிரச்சினையில்தான் கடைசியில் வெளியேற நேர்ந்தது. கப்பல் பழம்பொருள்களைப் பிரித்து விற்கும் ஊரில் இருக்கும் நமக்கு அந்த மனிதர் ஏதோ பக்கத்துத் தெருக்காரர் மாதிரித் தோன்றுகிறார்.

பணத்துக்கு வருவோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். மூன்று நான்காயிரத்துக்கு விற்கும் 50, 60 மில்லிமீட்டர் வகைகளை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு 10×50 பைனாகுலர் வாங்குவது எத்தனையோ மேல். கார்த்திகைக் கொத்து பைனாகுலரில் தெரிவதுபோல் பெரிய தொலைநோக்கியில்கூடத் தெரியாது. பத்தாயிரத்தை ஒட்டி 70 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர் குவியத்தூரமும் கொண்ட லென்ஸ் வகை கிடைக்கும். நிலவுக்கும் கோள்களுக்கும் சோடை போகாது, பராமரிப்பும் குறைவு. ஆனால் கூடவே வரும் அலுமினிய முக்காலி கொக்குக்கால். கால்களை முழுவதும் நீட்டாதீர்கள். குறுக்கியே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டிலிருந்து மணல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும்.

பதினைந்து இருபதாயிரம் முடியும் என்றால் மேசையில் வைக்கும் சிறு டாப்சோனியனில் 114 அல்லது 130 மில்லிமீட்டர் வகையைத்தான் சொல்வேன். கால்களே இல்லை என்பதுதான் அதன் பலம். அதை வைக்க அசையாத ஒரு தளம் வேண்டும், மடக்கு மேசை கூடாது. நம் பழைய வீட்டு மாடிகளில் வாஷிங் மெஷின் வந்தபின் வேலையற்றுப்போன துவைக்கும் கல் ஒன்று சிமெண்டில் பதித்துக் கிடக்கும். இதற்கென்றே செய்ததுபோல இடுப்பளவு உயரம். லாரி போனாலும் அசையாது, ரயில் போனாலும் அசையாது. என் வீட்டுக் கல்லில் காகம் உட்காரும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தொலைநோக்கிதான்.

முப்பதாயிரத்தைத் தாண்டினால் ஆறு அங்குல டாப்சோனியன், 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம். ஆயுள் முழுவதும் போதும். ஆனால் குழாய் ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம், அடிப்பெட்டி தனி. மூன்றாவது மாடிக்குக் குறுகலான இரும்புப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஏற முடிந்தால் வாங்கலாம். மாடிக்கு வராத ஆறு அங்குலத்தைவிட மாடிக்கு வரும் மூன்று அங்குலம் அதிகம் பார்க்கும்.

தவிர்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழாய் அரை மீட்டர் நீளம்தான் இருக்கும், பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆடி வகையாக இருக்கும், குவியத்தூரம் மட்டும் 1000 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். மீதி நீளத்தை உள்ளே ஒளித்துவைத்த ஒரு லென்ஸ் ஈடுகட்டுகிறது. மலிவு விலையில் அந்த லென்ஸ் பெரும்பாலும் படத்தைக் கெடுக்கும், ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலையையும் சிக்கலாக்கும். 127 மில்லிமீட்டர் விட்டம், இந்த விலையா என்று மயங்கிவிடாதீர்கள். கண்ணருகு லென்ஸ் செருகும் துளை ஒன்றேகால் அங்குலமா என்றும் பாருங்கள். அதைவிடச் சிறிய துளை இருந்தால் பிற்காலத்தில் நல்ல லென்ஸ் எதுவும் பொருந்தாது. பெட்டியில் வரும் 4 மில்லிமீட்டர் லென்ஸையும் மூன்று மடங்கு பார்லோவையும் தொடவே வேண்டாம். பின்னால் கையில் பணம் புரளும்போது ப்ளாசல் வகையில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சில பெட்டிகளில் கண்ணருகு லென்ஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சூரிய வடிகட்டி’ என்று வரும். அதைக் கண்டால் உடனே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குழாய் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். அது விரிசல் விட்டால் கண் போய்விடும். கண் சிமிட்டக்கூட நேரம் இருக்காது. சூரியனைப் பார்க்க வேண்டுமானால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டித் தாள் வேண்டும். மாடியில் பகலில் தொலைநோக்கியைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே இறங்கவும் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

வாங்கிய அன்றே இரவில் தடுமாற வேண்டாம். பகலிலேயே ஒரு வேலையை முடித்துவிடலாம். குழாயின் முதுகில் இருக்கும் குறிகாட்டியும் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று சரிசெய்ய வேண்டும். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைக் குழாயின் நடுவில் கொண்டுவந்து, குறிகாட்டியின் புள்ளியும் அதே உச்சியில் விழும்படி திருகுங்கள். படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தையும் ஆலைகளையும் குறிவைக்காமல் இருப்பது நல்லது. நம் பகுதியில் குழாய் ஒன்று அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

நம் ஊருக்கென்றே மாடித் தொல்லைகள் சில உண்டு. நாளெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை அனலைக் கக்கும். அந்த அனல் வழியாகப் பார்த்தால் சனிக்கோள் கொதிக்கும் பாலில் மிதப்பதுபோல் இருக்கும். மாலையில் தளத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது தூங்குவதற்கு மட்டுமல்ல, வானம் பார்க்கவும் உதவும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பார்த்து, அதன் மேலாகப் பார்ப்பதைத் தவிருங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் தொலைநோக்கியை அரை மணி நேரம் வெளியே ஆறவிடச் சொல்லும். நமக்கு விவகாரம் தலைகீழ். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பூத்துப்போகுமே, அதேபோல் லென்ஸும் பூத்துப்போகும். துடைக்காதீர்கள். மூடியோடு மாடியில் அரை மணி நேரம் வைத்திருங்கள், தானே தெளியும். முடிந்தால் ஏசி இல்லாத அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவுக்கு நிலவு போதும். பௌர்ணமி அல்ல, அன்று நிழலே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருக்கும். வளர்பிறை ஆறாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு நீண்ட நிழல் போட்டுக் கிடக்கும். தென்துருவப் பக்கத்தில் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கும் கரடுமுரடான பகுதியில்தான், 69 பாகை தெற்கில், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. இறங்கிய கலம் தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 70 மில்லிமீட்டர் குழாயில் நிலவின் மீது மூன்று கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் தனியாகப் பிரிந்து தெரியாது. கலத்தின் அகலம் சில மீட்டர்கள்தான்.

கோள்களில் வியாழன் ஏமாற்றாது. 70 மடங்கில் இரண்டு பட்டைகளும் நான்கு நிலாக்களும் தெரியும். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் நிலா ஒன்று நகர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம். கண்ணை வைத்துக் காத்திருப்பது முக்கியம். நம் காற்று இரண்டு நிமிடம் கலங்கி அரை விநாடி தெளியும்; அந்த அரை விநாடிக்குத்தான் எல்லா நுணுக்கமும். பூமி சுழல்வதால் அந்தப் பெருக்கத்தில் கோள் மூன்று நிமிடத்துக்குள் காட்சியை விட்டு ஓடிவிடும். மெல்லத் தள்ளித் தள்ளிப் பின்தொடரும் பழக்கம் இரண்டு இரவில் கைக்கு வந்துவிடும். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி, ஏறத்தாழக் காணாமலே போயின. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிகின்றன. 2032 வாக்கில் மிக அகலமாக இருக்கும். இப்போது வாங்குகிறவர்களுக்கு அது ஒரு நல்ல தொடர்கதை.

விண்மீன்களைத் தேட நமக்குச் செயலி தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிப் பெயர்கள் வீட்டு நாட்காட்டியிலேயே இருக்கின்றன. திருவாதிரை செந்நிறத்தில், அதற்கு மேற்கே ரோகிணி, இன்னும் மேற்கே கார்த்திகை. திருவாதிரைக்குத் தெற்கே மூன்று விண்மீன் வரிசையாக நிற்கும் இடத்தின் கீழே ஒரு மங்கல் புள்ளி. அங்கே குழாயைத் திருப்பினால் ஓரியன் நெபுலா, நகர ஒளியையும் மீறிச் சாம்பல் நிற இறகுபோல, நடுவில் நான்கு பொடி விண்மீன்களோடு. பெட்டியில் இருந்த சிவப்பு? அது நீண்ட நேரம் ஒளி வாங்கிய கேமராவின் சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, நாம் வாங்கும் எந்தக் குழாயிலும். பூசம் வெறுங்கண்ணுக்கு நம் மாடியில் தெரியவே தெரியாது. 28 மடங்கில் கைப்பிடி அரிசியை இறைத்ததுபோல் விரியும்.

என் மாடிக்கு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவது அருந்ததி. சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில் நிற்கும். ஆலை வெளிச்சத்துக்கு மேலே. அதில் வசிஷ்டரை ஒட்டி இருக்கும் சிறு விண்மீன்தான் அருந்ததி. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, என் கல்யாணத்தில் ஐயர் கையை நீட்டிக் காட்டியபோது நான் ‘தெரிகிறது’ என்று சொல்லிவிட்டேன். அப்போது பகல் பதினொரு மணி” என்றார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். “இங்கே மூன்று இருக்கின்றனவே?” அவர் சொன்னது சரி. வசிஷ்டரே தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிகிறார், 70 மில்லிமீட்டரில் 28 மடங்குக்கே. வானப் பளபளப்புக்கு அந்தப் பிரிவு கட்டுப்படுவதில்லை.

தெற்கே மார்கழி முதல் மாசி வரை அகத்தியர். உச்சத்திலேயே 24 பாகைதான், ஆனால் நகரத் திரையைக் கிழித்துக்கொண்டு மின்னுவார். லண்டனில் இருப்பவர்களுக்கு அவர் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. சித்திரையில் தென்சிலுவையும் ஆல்பா சென்டாரியும் 16, 17 பாகை உயரத்தில் தெற்கே எட்டிப்பார்க்கும். நகரப் புகையில் எப்போதாவதுதான் பிடிபடும், பிடித்தால் ஆல்பா சென்டாரி அழகாக இரண்டாகப் பிரியும். மங்கலான பொருள்கள்மீது ஆசை வந்துவிட்டால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போக வேண்டியதுதான். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறும் நாளில் நம் மாடியிலிருந்தே வெறுங்கண்ணால் பார்க்கலாம். தொலைநோக்கியைத் திருப்பிப் பின்தொடர முயன்று நான் இரண்டு ராக்கெட்டைத் தவறவிட்டிருக்கிறேன்.

பருவம் என்று பார்த்தால் ஐப்பசி தொடங்கி மார்கழி முற்பகுதி வரை வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிட வேண்டும். போகியன்று இரவும் விடியலும் புகை. குழாயைத் திறக்கவே வேண்டாம். தை இரண்டாம் வாரம் முதல் பங்குனி முடிய நல்ல காலம். ஆடி, ஆவணியில் மேகம் விலகும் இரவுகளில் கழுவிவிட்டதுபோல் வானம் இருக்கும், அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது, கிடைத்தால் ஓட வேண்டும்.

மழைக்காலத்தில் தொலைநோக்கியை எப்படி வைப்பது என்பதுதான் கடற்கரைக்காரர்களின் தனிக் கவலை. லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும். கண்ணருகு லென்ஸ்களை எல்லாம் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டுவைக்கிறேன். குழாயின் இரு வாயையும் மூடி, துணி சுற்றி, கட்டில் மேல். பரணில் வைப்பதில்லை, அங்கே காற்றோட்டம் இல்லை. ஆடியைத் துணியால் துடைப்பது மட்டும் கூடவே கூடாது. அலுமினியப் பூச்சு முன்பக்கத்தில்தான் இருக்கிறது, கீறல் விழும். தூசி இருந்தால் இருக்கட்டும், படத்தில் தெரியாது. இரும்புத் திருகுகளுக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு. போன ஆண்டு அதை மறந்துவிட்டேன். பொங்கல் முடிந்து எடுத்தபோது அடிப்பலகையின் நடுத்திருகு உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. சைக்கிள் கடைக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு நாள் ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுத்தான் கழற்றிக் கொடுத்தார்.